கலங்கரை விளக்கத்து ஒட்டகச்சிவிங்கி

நெத்திலி கிள்ளும்போது போனைத் தொடக் கூடாது என்று ரூபி சொல்லிவிட்டாள். போன வாரம் தொட்டு, அந்த வாடை கவருக்குள் ஏறி, ஆபீஸில் ஒரு படம் பார்க்க என் போனை வாங்கிய மேனேஜர் முகத்தைச் சுளித்த சுளிப்பு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது, அதனால் போன் அங்கே சாப்பாட்டு மேஜையில், ரூபியின் பரீட்சைத்தாள் கட்டுக்குப் பக்கத்தில், நான் இங்கே அடுப்படித் தரையில் மணை போட்டு, முன்னால் ஒரு சட்டி நெத்திலி, ஒரு சட்டி தண்ணீர், தலையைக் கிள்ளு, வயிற்றை வழி, தண்ணீரில் போடு, தலையைக் கிள்ளு. மாதா கோவில் பூசை முடிந்து வந்ததும் வராததுமாகப் புதிரைப் போட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தேன். எங்கள் குடும்ப வாட்ஸப் குரூப்பில் ஞாயிற்றுக்கிழமை என்றால் புதிர். பழைய டிவி நிகழ்ச்சி ஒன்றுக்கு மூன்று குறிப்பு, பெயரைச் சொல்ல வேண்டும், இணையத்தில் தேடிப் பார்க்கக் கூடாது, நெஞ்சுக்குள்ளிருந்துதான் எடுக்க வேண்டும். இன்று என் முறை. ஒன்று, கடலோரம் ஒரு கலங்கரை விளக்கம், அதற்குள் ஒரு ஒட்டகச்சிவிங்கி. இரண்டு, ஒரு முள்ளம்பன்றி படகில் வந்து ஒரு பெட்டியை நீட்டும். மூன்று, ஒட்டகச்சிவிங்கி அந்தப் பெட்டியைக் கடைசிவரை திறக்காது. இந்தப் புதிருக்கு விடை தெரிந்தவர்கள் உலகத்தில் மூன்றே பேர். நான், மஸ்கட்டில் இருக்கும் என் அண்ணன் கிறிஸ்டி, தூத்துக்குடியில் ஜெசிந்தா அக்கா. கிறிஸ்டியிடம் தனியாகப் பேசி, தெரிந்தாலும் வாயைத் திறக்காதே என்று சொல்லிவைத்திருக்கிறேன். அக்கா சொல்லட்டும். அக்கா ஒரு வார்த்தை சொன்னால் போதும், விடை தப்பாக இருந்தாலும் சரி, அக்காவின் வாயிலிருந்து தானாக ஒரு வார்த்தை வந்து எத்தனையோ வாரம் ஆகிறது. "ஏங்க, உங்க சித்தி மக போட்டிருக்காங்க, 'காட்டுக்குள்ளே கச்சேரி'யான்னு கேக்குறாங்க" என்கிறாள் ரூபி. இல்லை என்று போடு என்றேன்.

காட்டுக்குள்ளே கச்சேரியில் ஏது கலங்கரை விளக்கம், அதில் வந்தது ஒரு கரடியும் மிருதங்கமும், சித்தி மகளுக்கு எல்லாம் ஒன்றுதான். அவள் மேல் தப்பில்லை, அவள் வளர்ந்தது சேலத்தில், அங்கே இது தெரிந்திருக்க வழியே கிடையாது. தூத்துக்குடிக்கு அப்போது நம்மூர் டிவி ஒழுங்காக எட்டவில்லை, கடலைத் தாண்டி சிலோன் டிவிதான் வரும், மொட்டைமாடியில் பனை உயரத்துக்கு ஆன்டெனா நட்டால் சாயங்காலக் காற்றில் கொழும்பு வந்து கூடத்தில் உட்காரும். எங்கள் வீட்டில் கதவு வைத்த கறுப்பு வெள்ளை டிவிப் பெட்டி. அப்பா ஷிப்ட் முடிந்து வருவதற்குள் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திவிட வேண்டும். நாங்கள் மூன்று பேரும் தரையில், பெட்டிக்குள் ஒட்டகச்சிவிங்கி, அது பேசுவது சிங்களம். எங்கள் தெருவிலேயே யாருக்கும் சிங்களம் தெரியாது. அக்காவுக்கு மட்டும் தெரியும். எப்படித் தெரியும் என்று நாங்கள் கேட்கவில்லை, அக்காவுக்குத் தெரியாதது என்று ஒன்று இருக்க முடியும் என்ற எண்ணமே எனக்கும் கிறிஸ்டிக்கும் கிடையாது, அவளுக்குச் சைக்கிள் தெரியும், வெட்டுக்கத்தி பிடிக்கத் தெரியும், வீட்டுக்கு வந்தவர்கள் எப்போது எழுந்து போவார்கள் என்று முகத்தைப் பார்த்தே தெரியும், சிங்களம் எம்மாத்திரம். முள்ளம்பன்றி வாயைத் திறந்து இழுத்து இழுத்து ஏதோ சொல்லும், அது முடிப்பதற்குள் அக்கா ஆரம்பித்துவிடுவாள். "நெட்டைத்துரை, உம்ம நம்பித்தான்வே இந்தப் பெட்டிய எடுத்துட்டு வந்தேன், கஸ்டம்ஸ்காரன் கண்ணுல மண்ணத் தூவிட்டு வந்திருக்கேன், நீரு கைய விரிச்சா நா எங்கவே போவேன்?" உடனே ஒட்டகச்சிவிங்கி கழுத்தை ஆட்டும். "என்னால ஆகாதுடே முள்ளா, என் அம்மைக்கு நா சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்." எங்கள் ஊரில் எந்தக் கதையிலும் ஒரு கடத்தல் வந்தாக வேண்டும், அக்கா மட்டும் என்ன செய்வாள். ஒரு வாரம் பெட்டிக்குள் ஜாதிக்காய் என்பாள், ஒரு வாரம் வாசனை சோப்பு என்பாள், ஒரு வாரம் நெட்டைத்துரை சின்ன வயதில் தொலைத்த தம்பியின் சட்டை என்றாள், அன்று கிறிஸ்டி விக்கி விக்கி அழுதான், அவனை மடியில் போட்டுக்கொண்டு அடுத்த வாரம் தம்பி கிடைத்துவிடுவான் என்று அக்கா சத்தியம் செய்தாள். அடுத்த வாரம் கரண்ட் இல்லை. கரண்ட் இல்லாவிட்டால் என்ன, சாத்திய பெட்டிக் கதவுக்கு முன்னால் எங்களை உட்கார வைத்து அன்றைய பாகத்தை அக்காவே சொன்னாள், படம் வந்த நாட்களை விட அது நன்றாக இருந்தது, நெட்டைத்துரை என்று நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த இருட்டுதான். நிகழ்ச்சிக்குப் பெயர் "நெட்டைத்துரையும் முள்ளனும்". சிங்களத்தில் என்ன பெயரோ, எனக்கு இன்றுவரை தெரியாது.

ஆறாம் வகுப்போ ஏழாம் வகுப்போ, எனக்குக் காது கொஞ்சம் கூர்மையானபோது ஒரு சந்தேகம் வந்தது. முள்ளம்பன்றி எல்லா வாரமும் ஒரே மாதிரிதான் பேசுகிறது. அதே இழுப்பு, அதே ஏற்றம், அதே இடத்தில் மூச்சு. அக்கா மட்டும் வாரம் ஒரு வசனம் சொல்கிறாள். நான் கிறிஸ்டியைப் பார்த்தேன், கிறிஸ்டி என்னைப் பார்த்தான், அவனுக்கு முன்னமே தெரியும் போல, உதட்டைக் கடித்துக்கொண்டு, சொல்லாதே என்று மெதுவாகத் தலையை ஆட்டினான். அவ்வளவுதான். அன்றிலிருந்து அது எங்கள் வீட்டுச் சட்டமாகிவிட்டது, யாரும் எழுதி வைக்காத சட்டம். அக்காவுக்குச் சிங்களம் தெரியும். அக்காவுக்குக் கல்யாணமாகி, எனக்குக் கல்யாணமாகி, ரூபி வந்து, பிள்ளைகள் வந்து, எல்லாருக்கும் தெரியும் அக்காவுக்குச் சிங்களம் தெரியும் என்று. வந்த புதிதில் ரூபி கண்ணை விரித்துக்கொண்டு "அண்ணிக்கு அந்த பாஷையெல்லாம் வருமா?" என்று கேட்டாள், வரும் என்றேன், முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல் சொன்னேன், மூன்று வருஷம் கழித்துத்தான் அவளுக்குப் புரிந்தது, புரிந்த அன்று தலையணையால் என்னை அடித்தாள். வயிற்றை வழி, தண்ணீரில் போடு. இது கொஞ்சம் நசுங்கின மீன், மீன்காரம்மா அடியில் வைத்துத் தள்ளிவிட்டிருக்கிறாள். வாட்ஸப் வந்த பிறகு இந்தப் புதிரை ஆரம்பித்ததே அக்காதான், குரூப்புக்கு அட்மினும் அவள்தான், நீதிபதியும் அவள்தான். அவளுக்குப் பிடித்த சொல் "தப்பு". ஒருத்தர் பதில் போட்ட அடுத்த நொடி, தப்பு. தப்போ தப்பு. நீ பேசாத. ஒரு சரியான பதிலைக்கூடத் தப்பு என்று சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் சண்டை போட்டு, கடைசியில் எல்லாரும் களைத்துப் போய் அக்கா சொன்ன பெயரையே சரி என்று ஒத்துக்கொண்ட வாரங்கள் உண்டு. குடை பிடித்த டாக்டர் ஒருத்தர் வீடு வீடாகப் போகும் தொடர் ஒன்று உண்டே, கடைசிவரை ஒரு நாள்கூட மழை பெய்யாது, அதன் பெயர் இன்றுவரை எங்கள் குடும்பத்தில் தப்பாகத்தான் இருக்கிறது, அந்தத் தப்பான பெயரை யாராவது திருத்தினால் எனக்கே கோபம் வரும்.

தவக்காலத்தில் அக்கா புருஷன் இன்னாசி மச்சான் போய்விட்டார். ஹார்பரில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டிய மனுஷன், ரிட்டயர் ஆகி வீட்டில் இருந்தார், மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அடக்கத்துக்குப் போனோம், முப்பதாம் நாள் பூசைக்குப் போனோம். அக்கா அழுதால் நன்றாக இருக்கும் என்று எல்லாரும் காத்திருந்தோம், அக்கா அழவில்லை, ஒன்றிரண்டு வார்த்தைக்கு மேல் பேசவில்லை, நாற்காலியில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு இடம் காட்டினாள். எதைக் கேட்டாலும் ம். சாப்பிடுகிறாயா, ம். படுக்கிறாயா, ம். நாங்களும் அவளைப் பொத்திப் பொத்தி வைத்துக்கொண்டோம், குரலை உயர்த்தவில்லை, கால் சத்தம் கேட்காமல் நடந்தோம். பிறகு போனில் பேசினாலும் இதேதான், "நல்லா இருக்கியாக்கா?" "ம்." "வெயில் சாஸ்தியா?" "ம்." இதற்கு மேல் என்ன கேட்பது, நாற்பத்தெட்டு வயதில் சொந்த அக்காவிடம் பேச விஷயம் தேடிக் கொண்டிருக்கிறேன், சிறுபிள்ளையாக இருந்தபோது அவள் வாயை மூட வழி தேடினோம். போன வாரம் அவள் மகள் செலின் பெங்களூரிலிருந்து கூப்பிட்டாள். "மாமா, அம்மாவ இங்கயே கூட்டிட்டு வந்துரலாம்னு கேட்டேன், சரின்னு சொல்லிட்டா." நல்லதுதானே என்றேன். "நல்லதுதான் மாமா, ஆனா அம்மா சரின்னு சொன்னா பாருங்க, ஒரு சண்டையும் போடாம, அதான் பயமாருக்கு." எனக்கும் அதே பயம்தான். தூத்துக்குடியை விட்டு ஒரு ராத்திரி வெளியே தங்கச் சொன்னால் உப்புக்காற்று இல்லாமல் தூக்கம் வராது என்று ஊரைக் கூட்டுகிறவள், பெங்களூருக்குச் சரி என்கிறாள். அவள் எங்கே இருக்கிறாள் என்பது இல்லை என் பயம். அவள் உள்ளே இருக்கிறாளா என்பதுதான். எனக்கு அக்கா வேண்டும். தப்பு தப்பு என்று சொல்லி என் உயிரை எடுத்த அந்த அக்கா வேண்டும், இதைச் சொல்ல எனக்கு என்ன வெட்கம், யாருக்கும் கேட்கப் போவதில்லை, நெத்திலிக்குக் காது இருக்கிறதா.

"ஏங்க, கிறிஸ்டி அண்ணன் ஒரு சிரிக்கிற பொம்மை போட்டிருக்காரு." போடட்டும். "சித்தி மக மறுபடியும் கேக்குறாங்க, ஜப்பான்காரன் கார்ட்டூனான்னு." இல்லை என்று போடு. "அண்ணி பாத்துட்டாங்களான்னு பாக்கட்டுமா?" எப்படிப் பார்ப்பாய் என்றேன், மெசேஜை அழுத்திப் பிடித்தால் யார் யார் படித்தார்கள் என்று காட்டும் என்றாள், இத்தனை நாள் எனக்கு இது தெரியாது, கணக்கு டீச்சருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. சிவப்புப் பேனாவைக் காதில் சொருகிக்கொண்டு போனை முகத்துக்கு நேராகப் பிடித்தாள். "படிச்சிட்டாங்க." எப்போது? "அப்பவே. நீங்க போட்ட கொஞ்ச நேரத்துலயே." அப்படியானால் படித்திருக்கிறாள். ஒட்டகச்சிவிங்கி என்று படித்திருக்கிறாள், முள்ளம்பன்றி என்று படித்திருக்கிறாள், பெட்டி என்று படித்திருக்கிறாள், படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்திருக்கிறாள். அல்லது மறந்திருக்கிறாள். இதை நான் யோசிக்கவே இல்லை. நமக்கு உயிராக இருப்பது சொன்னவளுக்கு ஞாபகம் இருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம். இரண்டு தம்பிகளைச் சத்தம் போடாமல் உட்கார வைக்க ஏதோ வாய்க்கு வந்ததைச் சொன்னாள், அவளுக்கே அப்போது பதினாலு வயதிருக்குமா, அரிசியை ஊறப்போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருப்பாள், மனசு பாதி அடுப்படியில் இருந்திருக்கும். ஐயோ, மறந்துவிட்டாள் என்றால் இந்தப் புதிரை ஏன் போட்டேன், தெரியவில்லையே என்று அதற்கு வேறு வருத்தப்படுவாளே. பேசாமல் குடை டாக்டரையே போட்டிருக்கலாம், அதற்கு நிச்சயம் வாய் திறந்திருப்பாள். இல்லை, அதற்கும் திறந்திருக்க மாட்டாள், போன மாதம் கிறிஸ்டி அவளுக்காகவே ஒரு சுலபமான புதிர் போட்டு, வேண்டுமென்றே எல்லாரும் தப்பாகச் சொல்லி, கடைசியில் அவளிடம் நீயே சொல்லுக்கா என்று கெஞ்சியபோது, அவள் போட்டது ஒரு கும்பிடு பொம்மை. என் அக்கா. கும்பிடு பொம்மை. நான் அன்று பாத்ரூமில் போய் நின்றேன். "மீனைத் தண்ணிச் சட்டிக்கு வெளிய போடுறீங்க" என்றாள் ரூபி. குனிந்து பொறுக்கினேன்.

அப்போதுதான் லியோன் அண்ணன் நுழைந்தது. பெரியப்பா மகன், பெரியப்பாவுக்குக் கொச்சித் துறைமுகத்தில் வேலை என்பதால் அங்கேயே வளர்ந்தவர், எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஒரு நாள்கூட டிவி பார்த்தவர் இல்லை, அடக்கத்துக்கு யார் யார் எந்த ரயிலில் வருகிறார்கள் என்று தெரிந்துகொள்ள அவரைக் குரூப்பில் சேர்த்தோம், அப்படியே இருந்துவிட்டார். நல்ல மனுஷன். எங்கள் வீட்டுச் சட்டம் தெரியாத மனுஷன். பெரியதாக ஏதோ எழுதியிருக்கிறார் என்றாள் ரூபி, படி என்றேன், படிக்கப் படிக்க அவள் குரல் இறங்கிக்கொண்டே போனது. "ஹலோ பெர்க்மான்ஸ், இது எனக்குத் தெரியும். நான் கொழும்பில் ஷிப்பிங் கம்பெனியில் இருந்தபோது மறுபடியும் போட்டார்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பார்க்கும். இது கதையே இல்லை. சின்னப் பிள்ளைகளுக்கு எண் சொல்லிக் கொடுக்கிற நிகழ்ச்சி. எக்க, தெக்க, துன, ஹதர என்று பத்து வரை எண்ணுவார்கள், அவ்வளவுதான். முள்ளம்பன்றி ஒரு தடவை எண்ணும், ஒட்டகச்சிவிங்கி ஒரு தடவை எண்ணும். பெட்டி சும்மா. உள்ளே ஒன்றும் கிடையாது. பெயர் மறந்துவிட்டது, கேட்டுச் சொல்கிறேன்." நான் எழுந்துவிட்டேன். கிள்ளிப் போட்ட தலைகள் தரையெல்லாம் சிந்தின. அழித்துவிடு என்றேன். "அவர் போட்டதை நாம எப்படிங்க அழிக்கிறது? அட்மின்தான் அழிக்கலாம்." அட்மின் அக்கா. லியோனுக்குப் போன் போடு, அழிக்கச் சொல்லு. "கை கழுவிட்டு நீங்க பேசுங்க, நான் என்னன்னு சொல்றது அவர்கிட்ட?" என்னவென்று சொல்வது. உண்மையைச் சொன்னதற்காக ஒரு மனுஷனைக் கோபிக்க முடியுமா. ஆனால் கோபம் வந்தது. அந்த நீளமான வசனம் எல்லாம், உம்ம நம்பித்தான்வே, என் அம்மைக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன், அத்தனையும் ஒன்று இரண்டு மூன்று நான்கா. சிரிப்பும் வந்தது, அதற்காக என் மேலேயே எரிச்சலும் வந்தது. இருந்த ஒன்றையும் இன்றைக்குப் பார்த்து அவளிடமிருந்து பிடுங்கிவிட்டோம். சோப்பைப் போட்டுக் கையைத் தேய்க்கிறேன், தேய்க்கிறேன், நுரையே வரவில்லை. "இருங்க" என்றாள் ரூபி. "அண்ணி ஏதோ எழுதுறாங்க." நான் குழாயை மூடினேன். "நின்னுடுச்சு." கொஞ்ச நேரம் கழித்து, "மறுபடியும் எழுதுறாங்க. இல்ல. இப்ப பேசிப் பதிவு பண்றாங்க."

வந்து விழுந்தது. ரூபியின் தோளுக்கு மேலே குனிந்து நின்றேன், அவள் அழுத்தினாள், முதலில் மின்விசிறிச் சத்தம், அப்புறம் ஒரு செருமல், அந்தச் செருமல் எனக்குத் தெரியும், அது சண்டைக்கு முந்திய செருமல். "ஏல லியோன். ஒனக்குச் சிங்களம் தெரியும், சரி, கேட்டுக்கிட்டேன். எண்ணுதான்னு சொல்லுத. எதல எண்ணுதான்? அதச் சொல்லு. சும்மா உக்காந்து ஒருத்தன் எண்ணுவானால? அவ்வளவு ஒசரத்துல, கழுத்த நீட்டிக்கிட்டு, கடலப் பாத்து நிக்கான். அவன் எத எண்ணுவான்? கடலுக்குப் போன படக, போட்ட எண்ணுதான்ல. காலம்பற போன போட்டு அத்தனையும் சாயங்காலம் திரும்பிருச்சான்னு எண்ணுதான். போனது பத்து. வந்தது ஒம்பது. ஒம்பது வரைக்கும்தான் அவன் எண்ணுதான். பத்துன்னு சொல்லுதான் பாரு, அது எண்ணிக்க இல்லல, அது கூப்பிடுதான்." இங்கே குரல் கொஞ்சம் உடைந்தது, மூக்கை உறிஞ்சும் சத்தம், ரூபி என் கையைப் பிடித்தாள், ஈரக் கை என்றுகூடப் பார்க்கவில்லை. "பெறவு மறுநாளும் ஒண்ணுல இருந்து ஆரம்பிப்பான். நேத்து தப்பா எண்ணிட்டோமோன்னு. அதான் வாராவாரம் அதே பேச்சு. பெட்டிக்குள்ள ஒண்ணும் இல்லன்னு ஒனக்கு எப்பிடில தெரியும், நீ தொறந்து பாத்தியா? அவனே தொறக்கல. தொறந்தா அந்த போட்டு வராதுன்னு முடிவாயிரும்லா, அதான் தொறக்க மாட்டுக்கான். இது தெரியாம பெருசா எழுத வந்துட்டான். சின்னப் பிள்ளையளுக்கு எண்ணு சொல்லிக் குடுக்காவளாம். போல." முடிந்தது. நான் அழுதேன், ஒளிக்கவில்லை, ரூபியும் அழுதாள், அதே நேரத்தில் எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, அடக்க முடியாத சந்தோஷம், லியோன் அண்ணன் எதிரில் நின்றிருந்தால் கட்டிப் பிடித்திருப்பேன்.

குரூப் அதற்குள் பொங்கிவிட்டது. ஆமாக்கா. ஆமா அத்தை. நீங்க சொல்றதுதான் சரி. கிறிஸ்டி வரிசையாக இதயம் போட்டிருக்கிறான், லியோன் அண்ணன், பாவம், நடுங்கிப் போய், மன்னிச்சிரு அக்கா, நான் சரியாப் பார்க்கலை, நீ சொல்றதுதான் சரி என்று எழுதிவிட்டார். நானும் போனை வாங்கி ஆமாக்கா என்று எழுத ஆரம்பித்தேன். எழுதி முடிப்பதற்குள் இரண்டாவது பதிவு வந்தது. "இந்தா, தொடங்கிட்டாவ. ஆமாக்கா, ஆமாக்கா. ஒங்க மச்சான் போன நாள்ல இருந்து எல்லாரும் எனக்கு ஆமா போடுதிய. முப்பதாம் நாள் பூசைக்கு வந்தியள்லா. வியாழக்கெழம. நா வேணும்னேதான் இன்னைக்கு செவ்வாக்கெழமைன்னு சொன்னேன், யாராவது இல்லன்னு சொல்லுதியளான்னு பாக்க. வீடு நெறைய ஆளு, ஒருத்தராவது சொன்னியளா? எல்லாரும் தலைய ஆட்டுதிய. அவிய இருந்தா விட்டிருப்பாவளா? நா வாயத் தொறக்கங்குள்ள இல்லம்பாவ. சூரியன் கெழக்க உதிக்குன்னு சொன்னாலும் இல்லம்பாவ. கட்டுன நாள்ல இருந்து எங்க ரெண்டு பேருக்கும் அதான பேச்சு. நா யார்ட்டல பேசுவேன்? ஆமா போடுதவியகிட்ட என்னத்தப் பேச?" அன்று அவள் செவ்வாய்க்கிழமை என்றது எனக்கு ஞாபகம் இருந்தது. தலையை ஆட்டியவர்களில் நான் முதல் ஆள். பக்கத்தில் நின்று, அவள் தோளைத் தட்டி, ஆமாக்கா செவ்வாய்தான் என்று சொன்னேன், அதை அன்பு என்று நினைத்துக்கொண்டு சொன்னேன். எழுதிவைத்த ஆமாக்காவை ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். மைக்கை அழுத்திப் பிடித்தேன். "என்னங்க பண்றீங்க, அண்ணி அழுதுக்கிட்டு இருக்காங்க" என்றாள் ரூபி. தெரியும். நெட்டைத்துரை விஷயத்தில் பிறந்த நாளிலிருந்து இந்தக் காரியத்தை நான் செய்ததே இல்லை.

"இல்லக்கா" என்றேன். "நீ சொல்லுதது தப்பு. அவன் போட்ட எண்ணல. படிய எண்ணுதான். வெளக்குக்குள்ள சுத்தி சுத்தி இறங்குத படி இருக்குல்லா, அத எண்ணுதான். பத்துப் படி இறங்குனா வாசல். மேலயே நின்னு நின்னு கால் மரத்துப் போச்சு அவனுக்கு, இறங்கலாமா வேண்டாமான்னு யோசிச்சிட்டு இருக்கான். முள்ளன் அதுக்குத்தான் கீழ வந்து நின்னு அவன்கூட சேந்து எண்ணுதான். ஒனக்கு அந்த பாஷ தெரியாதுக்கா. சும்மா அடிச்சு விடாத." அனுப்பிவிட்டேன். அனுப்பியதும் பயம் வந்தது, எத்தனை வருஷத்துச் சட்டம், எல்லாருக்கும் முன்னால் போட்டு உடைத்துவிட்டேன். ஆமா போட்டவர்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது, கிறிஸ்டி மஸ்கட்டில் தலையில் கை வைத்திருப்பான். ரூபி என் முகத்தையும் போனையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மேலே அக்காவின் பெயர் வந்தது, எழுதவில்லை, பேசவில்லை, நேராகக் கூப்பிட்டாள், மணி அடித்தது, எடுத்தேன். "ஏ கோட்டிக்காரப் பயல" என்றாள், என் காது வலிக்கிற அளவுக்குச் சத்தமாக, "ஒட்டகச்சிவிங்கி எப்பிடில படி இறங்கும்? அவ்வளவு நீளக் கழுத்து, தல மேல இடிக்காதா?"

"இடிக்காதுக்கா" என்றேன்.